மண்டலத்திலிருந்து ஏல மேடை வரை
சையது முஷ்டாக் அலி கோப்பை: அன்றும் இன்றும்

2007 ஏப்ரல். மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு இந்திய அணி ஊர் திரும்பியிருந்தது. கிரிக்கெட் என்ற பேச்சை எடுத்தாலே ரசிகர்களுக்கு எரிச்சல் வந்த நேரம் அது. அப்போது மும்பை பிராபோர்ன் மைதானத்தில் தமிழ்நாடும் பஞ்சாபும் ஓர் இறுதிப் போட்டியில் மோதின. தினேஷ் கார்த்திக் தலைமையில் ஆடிய தமிழ்நாடு இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் தட்டுத் தடுமாறி வென்றது. இந்தியாவின் முதல் உள்நாட்டு டி20 சாம்பியன் என்ற பெயர் அன்றைக்கே நமக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கொண்டாட ஆளில்லை. இருபது ஓவர் ஆட்டத்தை அப்போது இந்திய கிரிக்கெட் வாரியமே முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டிருக்கவில்லை.

2025 டிசம்பர் 18. அதே போட்டியின் இறுதி ஆட்டம் புனேயில். ஜார்க்கண்ட் 20 ஓவரில் 3 விக்கெட்டுக்கு 262 ரன். கேப்டன் இஷான் கிஷன் 49 பந்தில் 101. ஹரியானா 69 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ஜார்க்கண்டுக்கு இது முதல் பட்டம். தொடர் முழுக்க 517 ரன் குவித்து முதலிடம் பிடித்த இஷானின் பெயர், இரண்டே நாளில் டி20 உலகக் கோப்பைக்கான இந்திய அணிப் பட்டியலில் வந்தது. 2023 நவம்பருக்குப் பிறகு இந்தியாவுக்கு ஆடாமல் இருந்தவர் அவர்.

முதல் கோப்பைக்கும் இந்தக் கோப்பைக்கும் இடையில் பதினெட்டு ஆண்டுகள். ஆட்டம் அதே இருபது ஓவர்தான். யார் யாரோடு மோதுவது, ஓர் அணிக்கு எத்தனை ஆட்டம், ஆண்டின் எந்த மாதத்தில் என்பதெல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. உள்நாட்டுப் போட்டிகளில் இந்த அளவுக்குப் பிரித்துப் பிரித்துக் கட்டப்பட்டது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். ஒவ்வொரு முறை பிரித்துக் கட்டியபோதும் யாரோ ஒருவருக்குக் கதவு திறந்தது, இன்னொருவருக்கு மூடியது.

அக்கம்பக்கத்தோடு மட்டும்

தொடங்கிய காலத்தில் 27 அணிகள், ஐந்து மண்டலங்கள். தெற்கில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், ஆந்திரம், ஹைதராபாத், கோவா என ஆறு அணிகள். மேற்கில் மும்பை, பரோடா, குஜராத், மகாராஷ்டிரம், சௌராஷ்டிரம் என ஐந்து. ஒவ்வோர் அணியும் தன் மண்டலத்துக்குள் மட்டும் ஆடும். முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். மற்றவர்கள் நான்கைந்து ஆட்டத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பயணச் செலவு குறைவு. ஒரே ஊரில் இரண்டு மூன்று மைதானம் பிடித்தால் ஒரு வாரத்தில் லீக் சுற்றை முடித்துவிடலாம். ரஞ்சிக் கோப்பையின் தொடக்கக் காலத்திலிருந்தே நம் கிரிக்கெட் நிர்வாகம் மண்டலக் கணக்கில்தான் யோசித்து வந்தது. தேர்வாளர்களைக்கூட மண்டலத்துக்கு ஒருவராகத்தான் நியமித்தார்கள். தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் இடையிலான பழைய போட்டி உணர்ச்சிக்கும் இதில் தீனி கிடைத்தது.

குறையும் அங்கேயேதான் இருந்தது. மேற்கு மண்டலத்தில் மூன்றாவதாக வரும் அணி இன்னொரு மண்டலத்தில் முதலாவதாக வந்திருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. வேறு மண்டலத்து வேகப்பந்து வீச்சாளரை எதிர்கொள்ளாமலேயே ஒரு வீரரின் டி20 சீசன் முடிந்துவிடும். நான்கு ஆட்டத்தில் ஒன்று மழையில் போய், இன்னொன்றில் முதல் பந்திலேயே ஆட்டமிழந்தால், மிச்சமிருக்கும் இரண்டை வைத்துத்தான் அவரை எடை போடுவார்கள்.

ஆனாலும் அந்த முதல் தொடர் வெறும் கண்துடைப்பாக இருக்கவில்லை. குஜராத்துக்கு எதிராக மும்பைக்கு ஆடிய 19 வயது இளைஞர் 45 பந்தில் ஆட்டமிழக்காமல் 101 அடித்தார். அவர் ரோகித் சர்மா. ஐந்து மாதம் கழித்து ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியா முதல் டி20 உலகக் கோப்பையை வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார். இந்தியா தன் முதல் டி20 சர்வதேச ஆட்டத்தையே 2006 டிசம்பரில்தான் ஆடியிருந்தது. சர்வதேச ஆட்டம் ஒன்று, உள்நாட்டுத் தொடர் ஒன்று. அவ்வளவு முன்னனுபவத்தோடு போய் உலகக் கோப்பையை வாங்கி வந்த அணி அது.

ஐபிஎல் நிழலில்

உலகக் கோப்பை வென்ற கையோடு உள்நாட்டு டி20 தழைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 2008 ஏப்ரலில் ஐபிஎல் பிறந்தது. மாநிலங்களுக்கு இடையிலான டி20 இரண்டு சீசன் காணாமல் போனது. 2009-10 சீசனில்தான் சையது முஷ்டாக் அலியின் பெயரைத் தாங்கி மீண்டும் வந்தது.

பெயரை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இந்தூர்க்காரரான முஷ்டாக் அலி, வேகப்பந்து வீச்சாளரையும் இறங்கி வந்து அடித்தவர். 1936-இல் மான்செஸ்டரில் 112 ரன் எடுத்து, வெளிநாட்டு மண்ணில் டெஸ்ட் சதம் அடித்த முதல் இந்தியர் ஆனார். அந்த இன்னிங்ஸில் விஜய் மெர்ச்சன்ட்டோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 203 ரன். டி20 என்ற ஒன்று உருவாவதற்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த மனப்போக்கோடு ஆடியவர்.

பெயர் கிடைத்தாலும் மதிப்பு கிடைக்கவில்லை. ஐபிஎல் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், இந்திய அணிக்கு ஆடாத உள்நாட்டு வீரர்கள் ஏலத்துக்கே வர மாட்டார்கள். வாரியம் வகுத்த சம்பளப் படிநிலையின்படி அணிகள் அவர்களை நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளும். முஷ்டாக் அலி கோப்பையில் நூறு அடித்தாலும் அந்தச் சம்பளம் ஏறாது. 2014-இல்தான் இவர்களும் ஏலத்துக்கு வந்தார்கள். போட்டியின் வரலாற்றில் பெரிய திருப்பம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். மைதானத்தில் எந்த விதியும் மாறவில்லை, அணிப் பிரிவும் மாறவில்லை. ஆனால் ஆடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் அந்த ஆட்டத்தின் பொருள் மாறிவிட்டது.

அதன் பிறகு நாள்காட்டியைக் கவனியுங்கள். 2014-லும் 2015-லும் சீசன் கடைசியில், மார்ச் ஏப்ரல் வாக்கில், ஏலம் முடிந்த பிறகே இந்தத் தொடர் நடந்தது. 2016-இல் ஜனவரிக்கு வந்தது, ஏலம் பிப்ரவரியில். 2018-இல் டெல்லியும் ராஜஸ்தானும் ஈடன் கார்டனில் இறுதி ஆட்டம் ஆடியது ஜனவரி 26. மறுநாள் காலை பெங்களூரில் ஏலம் தொடங்கியது. ஏலத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தொடர் ஏலத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. 2019 மாதிரி சில ஆண்டுகள் மட்டுமே இதற்கு விலக்கு.

கலைத்துப் போட்ட ஆண்டுகள்

மண்டலச் சுவர் முதலில் இடிந்தது 2016 ஜனவரியில். 27 அணிகளையும் கலைத்து நான்கு பிரிவாக்கி, வெவ்வேறு ஊர்களில் ஆட விட்டார்கள். சுரேஷ் ரெய்னா தலைமையிலான உத்தரப் பிரதேசம் கோப்பையை வென்றது. ஒரே ஆண்டில் வாரியத்தின் மனம் மாறியது. 2017-இல் மண்டலங்களுக்கே திரும்பியதோடு நிற்காமல், மாநில அணிகளையே ஓரங்கட்டிவிட்டார்கள். மாநிலங்கள் தம் மண்டலத்துக்குள் ஆடும்; அதில் தேறும் வீரர்களைப் பொறுக்கி ஐந்து மண்டல அணிகள் அமைப்பார்கள்; அந்த ஐந்தும் மும்பையில் மோதும். எல்லா ஆட்டத்திலும் வென்று கிழக்கு மண்டலம் கோப்பையை எடுத்தது. வெற்றியாளர் பட்டியலில் மாநிலத்தின் பெயர் இல்லாமல் மண்டலத்தின் பெயர் நிற்கும் ஒரே வரி அதுதான்.

அந்தச் சோதனையின் நோக்கம் வெளிப்படை. நாட்டின் நல்ல வீரர்களை ஒரே ஊரில், சில நாட்களுக்குள் பார்த்துவிடலாம். தேர்வாளர்களுக்கும் ஐபிஎல் அணிகளின் ஆட்களுக்கும் அது வசதி. விலை கொடுத்தவர்கள் மாநில ரசிகர்கள். அந்த ஆண்டு இந்தியாவின் டி20 சாம்பியன் மாநிலம் எது என்று கேட்டால் பதிலே கிடையாது. அடுத்த ஆண்டே மாநில அணிகள் திரும்பி வந்தன.

அடுத்த அசைவு நீதிமன்றத்திலிருந்து வந்தது. வாரியத்தைச் சீர்திருத்த அமைத்த லோதா குழுவின் பரிந்துரைகளும் அதையொட்டிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் வாரியத்தின் வாசலைத் திறந்தன. 2018-19 சீசனில் ஒன்பது புது அணிகள் வந்தன: பீகார், உத்தராகண்ட், புதுச்சேரி, கூடவே வடகிழக்கின் ஆறு மாநிலங்கள். இடையில் கூடியிருந்த ஓர் அணியையும் சேர்த்து மொத்தம் 37. அத்தனை அணிகளை ஐந்து மண்டலத்துக்குள் அடைக்க முடியாது. அன்றோடு இந்தப் போட்டியில் மண்டல முறை முடிந்தது. சண்டிகர் சேர்ந்ததும் எண்ணிக்கை 38 ஆனது.

இந்தக் கலவை எதைக் கொண்டுவந்தது என்பதற்கு 2021 ஜனவரியின் ஓர் இரவு போதும். வான்கடேயில் மும்பை 196 ரன் எடுத்திருந்தது. கேரளத்தின் முகமது அசாருதீன் 54 பந்தில் ஆட்டமிழக்காமல் 137 அடித்து, 16 ஓவர் முடிவதற்குள் ஆட்டத்தை முடித்தார். பழைய முறையில் கேரளத்துக்கு லீக் சுற்றில் மும்பை கிடைத்திருக்காது. மும்பையை மும்பையிலேயே வீழ்த்திய அந்த இன்னிங்ஸுக்குக் கிடைத்த கவனம், தெற்கு மண்டலத்துக்குள் அடித்த எந்தச் சதத்துக்கும் கிடைத்திருக்காது.

கலவைக்கு மறுபக்கமும் இருந்தது. 2019 பிப்ரவரியில் இந்தூரில் சிக்கிமுக்கு எதிராக ஷ்ரேயஸ் ஐயர் 55 பந்தில் 147 அடித்தார். 2024 டிசம்பரில் அதே இந்தூரில் அதே சிக்கிமுக்கு எதிராக பரோடா 349 ரன் குவித்தது. டி20 வரலாற்றிலேயே அதுவரை யாரும் எடுக்காத எண்ணிக்கை. அந்த இன்னிங்ஸில் மட்டும் 37 சிக்ஸர். அதே நாளில் வேறொரு மைதானத்தில் மேகாலயத்துக்கு எதிராக அபிஷேக் சர்மா 28 பந்தில் சதம் அடித்தார். சாதனைப் பட்டியல் நீண்டது. ஆனால் அந்த ஆட்டங்களில் போட்டி என்று ஒன்று நடந்ததா என்ற கேள்வியும் எழுந்தது. சமநிலை இல்லாத பிரிவில் நிகர ரன் விகிதமும் பொய் சொல்லும். பலவீனமான அணியை நன்றாகச் சாத்தியவர் அடுத்த சுற்றுக்குப் போவார்; கடினமான அணியிடம் கடைசிப் பந்து வரை போராடித் தோற்றவர் வெளியேறுவார்.

எலைட், பிளேட்

2025-26 மாற்றம் இதற்கான விடை. 32 அணிகள் எலைட். எட்டு எட்டாக நான்கு பிரிவு. முந்தைய சீசனில் கடைசியில் நின்ற ஆறு அணிகள் பிளேட் என்ற தனிப்பிரிவில். எலைட்டில் ஒவ்வோர் அணிக்கும் ஏழு லீக் ஆட்டம் நிச்சயம். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள் சூப்பர் லீகுக்குப் போகும். அங்கே எட்டு அணிகள் இரண்டு பிரிவாக ஆடி, தலா ஓர் அணி நேராக இறுதிக்கு. காலிறுதியும் அரையிறுதியும் கிடையாது.

கிரிக்கெட் கணக்கில் இது இதுவரை வந்தவற்றில் நேர்மையான அமைப்பு என்றே நினைக்கிறேன். இறுதிக்கு வரும் அணி பத்து ஆட்டம் ஆடித்தான் வர வேண்டும். ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் யாரும் ஏறிவிட முடியாது. ஒரு நாள் சறுக்கலில் யாரும் வீழ்ந்துவிடவும் மாட்டார்கள். நான்கு ஆட்டத்தில் தலையெழுத்து முடிந்த காலத்தோடு ஒப்பிட்டால், பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஏழு வாய்ப்பு என்பது சின்ன விஷயமில்லை. 14 வயது வைபவ் சூர்யவன்ஷி, பீகாருக்காக மகாராஷ்டிரத்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 108 அடித்ததும் இந்த எலைட் பிரிவில்தான். 2018-க்கு முன்பு பீகார் இந்தப் போட்டியிலேயே இல்லை.

ஆனால் இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பவர்களைப் பார்க்க வேண்டும். பிளேட் என்ற பிரிவு புதிதல்ல. கொரோனா காலத்துச் சீசன்களிலும் இருந்தது. அப்போது பிளேட்டில் முதலில் வரும் அணிக்கு நாக் அவுட் சுற்றில் இடம் உண்டு. 2021 நவம்பரில் விதர்பா அப்படித்தான் கீழ்ப்பிரிவிலிருந்து ஏறி அரையிறுதி வரை வந்தது. அந்த அரையிறுதியின் கடைசி ஓவரில் தர்ஷன் நல்கண்டே அடுத்தடுத்து நான்கு பந்தில் நான்கு கர்நாடக விக்கெட்டுகளை எடுத்தார். விதர்பா நான்கு ரன்னில்தான் தோற்றது. இரண்டு முறை ரஞ்சி வென்றிருந்த அணி கீழ்ப்பிரிவில் கிடந்ததே விநோதம். ஆனால் அந்த ஆண்டே மேலே வர அதற்கு ஓர் ஏணி இருந்தது. இன்றைய அமைப்பில் பிளேட் அணி எல்லா ஆட்டத்தையும் வென்றாலும் அந்த ஆண்டு சூப்பர் லீகில் கால் வைக்க முடியாது. சமமற்ற ஆட்டங்களை ஒழிக்கப் போய், எதிர்பாராத அணி ஒன்று முளைக்கும் வழியையும் சேர்த்தே அடைத்துவிட்டார்கள்.

சோதனைக் கூடம்

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. ஐபிஎல்லில் எதை அறிமுகப்படுத்த வேண்டுமானாலும் முதலில் இங்கே பரிசோதிப்பது என்றாகிவிட்டது. ஆட்டத்தின் நடுவில் ஒருவரை மாற்றிக்கொள்ளும் இம்பாக்ட் பிளேயர் விதி 2022 அக்டோபரில் இந்தப் போட்டியில்தான் முதலில் வந்தது. டெல்லியின் ஹ்ரித்திக் ஷோக்கீன் முதல் இம்பாக்ட் பிளேயர். அடுத்த மார்ச்சில் அது ஐபிஎல்லில் ஏறியது. ஓர் ஓவருக்கு இரண்டு பவுன்சர் என்ற விதியும் 2023-இல் இங்கே ஒத்திகை பார்த்து, 2024-இல் அங்கே போனது.

2024-25 சீசனில் இம்பாக்ட் பிளேயரை முஷ்டாக் அலி கோப்பையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஐபிஎல்லில் அது தொடர்ந்தது. அந்த விதியால் ஆல்ரவுண்டர்கள் பந்து வீசாமல் ஒதுங்குகிறார்கள் என்ற குறையை உள்நாட்டுப் போட்டியில் சரிசெய்தாகிவிட்டது. குறை பெரிதாகத் தெரியும் இடத்தில் தொடவில்லை. யாருடைய வசதிக்கு யார் வளைகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

பணத்தில் இடைவெளி இன்னும் பச்சையாகத் தெரியும். 2021-இல் உயர்த்திய பிறகும், முஷ்டாக் அலி கோப்பையில் ஆடும் பதினொருவரில் ஒருவருக்கு ஓர் ஆட்டத்துக்குச் சில ஆயிரங்கள்தான். வெளியே உட்காருபவருக்கு அதில் பாதி. ஐபிஎல்லில் 2025 முதல் ஆட்ட ஊதியம் மட்டுமே 7.5 லட்சம், ஏல விலை அதற்கு மேல் தனிக் கணக்கு. ஆகவே காலை ஒன்பது மணிக்குக் காலி இருக்கைகளுக்கு நடுவே தொடங்கும் ஆட்டத்திலும் வீரர் உயிரைக் கொடுத்து ஆடுகிறார் என்றால், அவர் கண் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அதைக் குறையாகவும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் யாரும் பார்க்காத ஆட்டம் இன்று கைப்பேசியில் நேரலையாக ஓடுகிறது. ஐபிஎல் அணிகளின் ஆட்கள் பந்து பந்தாக அலசுகிறார்கள்.

அந்த ஆட்களின் கண் ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஊர்வில் படேல் சாட்சி. 2024 நவம்பர் 24, 25 தேதிகளில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் அவரை யாரும் எடுக்கவில்லை. 27-ஆம் தேதி திரிபுராவுக்கு எதிராக 28 பந்தில் சதம் அடித்தார். மூன்று நாள் முன்னதாக அடித்திருந்தால் கதை வேறு. அவர் சென்னை சூப்பர் கிங்ஸுக்குள் வந்தது 2025 மே மாதம், இன்னொருவருக்கு மாற்றாக. 2025-லும் இதே கோளாறு. ஏலம் டிசம்பர் 16, இறுதி ஆட்டம் 18. மண்டலங்களைக் கலைத்து, அணிகளைப் பிரித்து, சுற்றுகளைத் திருத்திய வாரியம், தொடரை ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னால் முடிக்க வழி காணவில்லை.

தமிழ்நாட்டுக் கணக்கு

நம் கதையும் இந்த மாற்றங்களோடு பின்னிக் கிடக்கிறது. 2007-க்குப் பிறகு தமிழ்நாடு அடுத்த கோப்பைக்குப் பதினான்கு ஆண்டு காத்திருந்தது. இடையில் 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடங்கியது. மாவட்ட வீரர்களுக்குத் தொலைக்காட்சி வெளிச்சம் கிடைத்தது. அங்கே யார்க்கர் வீசிக் கவனம் ஈர்த்த நடராஜனை 2017 ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. தேர்வுக்கான முதல் சன்னல் மாநில லீகுக்கு இடம் பெயர்ந்தது. அங்கே பழகியவர்கள் மாநில அணியில் ஒன்றாக ஆடியபோது பலன் தெரிந்தது.

2019 டிசம்பரில் சூரத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் கர்நாடகத்திடம் ஒரு ரன்னில் தோற்றோம். 2021 ஜனவரியில் அகமதாபாத்தில் பரோடாவை 120 ரன்னோடு கட்டுப்படுத்திக் கோப்பையை எடுத்தோம். மணிமாறன் சித்தார்த்துக்கு நான்கு விக்கெட். கேப்டன் மறுபடியும் தினேஷ் கார்த்திக். அதே ஆண்டு நவம்பரில் டெல்லியில் இறுதி ஆட்டத்தில் மறுபடியும் கர்நாடகம். கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவை. பிரதீக் ஜெயின் பந்தை ஷாருக் கான் சிக்ஸருக்கு அனுப்பினார். அந்தப் பிப்ரவரியில் 5.25 கோடிக்கு ஏலம் போனவர், அடுத்த பிப்ரவரியில் 9 கோடிக்குப் போனார். தெற்கு மண்டலத்துப் பழைய பகை மண்டலம் கலைந்த பிறகுதான் தேசிய இறுதி ஆட்டமாக வளர்ந்தது. மண்டல முறை இருந்தால்தான் அந்த உணர்ச்சி பிழைக்கும் என்று வாதிட்டவர்களுக்கு அந்த இரண்டு இறுதிப் போட்டிகளே பதில்.

அதன் பிறகு தமிழ்நாடு இறுதிக்கு வரவில்லை. 2025-இல் வருண் சக்கரவர்த்தி தலைமையில் போன அணி சூப்பர் லீகைக்கூடத் தொடவில்லை. பழைய நாட்களில் இதற்குச் சமாதானம் சொல்ல வழி இருந்தது: கடினமான மண்டலம், குறைந்த ஆட்டம், ஒரு நாள் மழை. ஏழு ஆட்டம் கொடுத்து, நாட்டின் நான்கு மூலை அணிகளோடும் மோத விட்ட பிறகு அந்தச் சாக்குகள் செல்லாது. தோல்விக்கான காரணத்தை அணி தனக்குள்ளேதான் தேட வேண்டும். நல்ல அமைப்பு என்பதற்கு அதுவே அடையாளம் என்பதால், இனி ஐந்தாறு ஆண்டுகளுக்கு இதைக் கலைக்காமல் விடுவது நல்லது. திருத்துவதென்றால் இரண்டே திருத்தம் போதும்: பிளேட்டில் முதலில் வரும் அணிக்கு அந்த ஆண்டே சூப்பர் லீகில் ஓர் இடம், இறுதி ஆட்டம் முடிந்த பிறகே ஏலம்.